மூன்றாவது வீடு

குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயரால் அழைக்கப்படுகிறது. தேனீ வீடு அமைத்துக்கொள்ள இறைவன் அதில் மூன்று இடங்களைச் சொல்கிறான்: மலைகள், மரங்கள், பிறகு மனிதர்கள் கட்டி எழுப்புபவை. மலையும் மரமும் அவன் பொறுப்பு. மூன்றாவதுதான் நம் தலையில் விழுகிறது. எதை வைத்துக் கட்டுவது, எவ்வளவு கனத்தில் கட்டுவது, கட்டியது உளுத்துப்போனால் என்ன செய்வது என்பதெல்லாம் அங்கே சொல்லப்படவில்லை. இங்கிலாந்தின் டெவன் பகுதியில், ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு தேனீ வளர்க்கிறவள் நான். முக்காட்டுக்கு மேல் வலைத்தொப்பியும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றால் எங்கள் தெருவில் யாரும் என்னிடம் வழி கேட்பதில்லை.

புதிய கூட்டங்களுக்குப் பெட்டி வாங்க வேண்டி வந்தது. கையிலிருந்த காசுக்கு இரண்டே வழி. ஒன்று, சீடர் மரத்தில் இரண்டாம் தரம். கணுவும் விரிசலும் உள்ள பலகைகளைக் குளிர்காலத் தள்ளுபடியில் தள்ளிவிடுவார்கள். பிரித்த பலகைகளாகத்தான் வந்து சேரும். ஆணியும் பசையும் வைத்து நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று பாலிஸ்டைரீன். நம்மூரில் தெர்மாகோல் என்போமே, வைகை அணை நீரின் மீது 2017இல் மிதக்கவிடப்பட்டுத் தமிழ்நாடே சிரித்ததே, அதன் கெட்டியான அண்ணன். தேனீப் பெட்டிக்கென்று நெருக்கி வார்த்திருந்தாலும் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். விலையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. காசு தீர்த்துவைக்காத கேள்வி கடைசியில் மார்க்கத்திடம்தான் வந்து நிற்கும்.

நான் படித்து வளர்ந்த மார்க்கத்தில் இந்தப் பொறுப்புக்கு ஒரு சொல் உண்டு: அமானிதம். ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள். உயிரும் அப்படித்தான். ஒரு பூனையைக் கட்டிப்போட்டு, தானும் இரை கொடுக்காமல், அதைத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்கு நரகம் என்று நபிகள் நாயகம் எச்சரித்த செய்தி எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். தேனீயை நான் கட்டிப்போடவில்லை. பிடிக்காவிட்டால் அது பறந்துவிடலாம். ஆனால் நான் தேனை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு வீட்டைக் கொடுத்து, அதில் பனிக்காலத்தைத் தாண்டு என்கிறேன். அந்த வீட்டுக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்த் தேனீ வளர்ப்போர் சங்கத்தில் பலருக்கும் பதில் ஏற்கெனவே தெரியும். மரம் இயற்கை, பிளாஸ்டிக் செயற்கை, தீர்ந்தது வழக்கு. எனக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. காட்டு மரத்தின் பொந்தில் தேனீ குடியிருக்கும்போது அதைச் சுற்றியிருக்கும் சுவர் ஒரு சாண் கனம் இருக்கும். நாம் மரம் என்று பெருமையாக விற்பது இரண்டு சென்டிமீட்டர்கூட நிறையாத பலகை. டெரக் மிட்செல் என்ற ஆய்வாளர் 2016இல் இதை அளந்து எழுதினார்: வழக்கமான மரப்பெட்டியிலிருந்து வெளியேறும் வெப்பம், மரப்பொந்திலிருந்து வெளியேறுவதைப்போல் நான்கு முதல் ஏழு மடங்கு. புழுக்கள் வளரும் அடையைத் தேனீக்கள் 34, 35 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். அந்தச் சூட்டுக்கு அவை எரிக்கும் விறகு தேன். சுவர் மெலிந்தால் தேன் கரையும். பாலிஸ்டைரீன் பெட்டியோ கதகதப்பானது. டெவனின் ஓயாத ஈரத்தில் சுவர் உள்ளே வேர்த்து வழியாது. குளிரைவிட ஈரம்தான் கூட்டத்தை அழிக்கும் என்று இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்.

ஆக, பலகைப் பெட்டி நம் கண்ணுக்குத்தான் மரம்போல இருக்கிறது. தேனீயின் உடம்புக்கு மரம்போல இருப்பது பாலிஸ்டைரீன். இதை யோசித்த இரவில் எனக்கு ரியா என்பதுதான் நினைவுக்கு வந்தது. பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்யும் வணக்கம். தோட்டத்தில் சீடர் பெட்டி நின்றால் பார்ப்பவர்கள் என்னை மண்ணை நேசிப்பவள் என்பார்கள். உள்ளே நடுங்குகிறவை என்ன சொல்லும்?

அப்படியானால் தேனீயிடமே விட்டுவிடலாமே, பிரிந்து வரும் கூட்டம் எதில் ஏறுகிறதோ அதுதானே தீர்ப்பு என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவின் தாமஸ் சீலி இதைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். துப்புப் பார்க்கப் போகும் தேனீக்கள் பொந்தின் கொள்ளளவு, வாசலின் அளவு, தரையிலிருந்து உயரம் எல்லாவற்றையும் எடைபோட்டு, சுமார் 40 லிட்டர் கொள்ளும் இடத்தை விரும்புகின்றன என்று கண்டவர். பழைய மெழுகின் வாசனையும் அவற்றை இழுக்கும். என் தோட்டத்தில் வந்திறங்கிய ஒரு கூட்டம் பழைய அடை கிடந்த ஓட்டைப் பெட்டிக்குள்தான் போனது. அது இரண்டு கட்சிக்கும் வாக்கு ஆகாது. தவிர, பெட்டிக்குள் தொங்கும் சட்டங்கள் தேனீ கேட்டவை அல்ல. அடைக்கும் சுவருக்கும் நடுவே தேனீ மெழுகாலோ பிசினாலோ அடைக்காமல் விட்டுவைக்கும் இடைவெளியைப் பயன்படுத்தி, சட்டத்தை உருவி எடுக்கும்படி 1851இல் பெட்டி அமைத்தவர் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார். அன்று முதல் பெட்டி நம் கைவசதிக்கானது. தேர்வும் நம்முடையதுதான். தேனீயின் மேல் அதைச் சுமத்துவது நழுவல்.

இவ்வளவும் பாலிஸ்டைரீன் பக்கம்தான் சாய்கிறது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். எதிர்ப்பக்கத்தில் இருப்பது தமிழ்நாட்டில் எங்கள் சொந்த ஊர்க் கடற்கரை.

தேங்காய்ப்பட்டணத்தில் மீன் ஐஸ் பெட்டிகள் உடைந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொருளின் மறுமை தெரியும். பெட்டி பலகையாகும், பலகை துண்டாகும், துண்டு வெள்ளை மணிகளாகும், அதற்குமேல் ஒன்றும் ஆகாது. கிளிஞ்சலோடு கிளிஞ்சலாகக் கிடக்கும். சின்னப் பிள்ளைகள் அதை அள்ளி வீசி விளையாடும். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர்த் தோட்டங்களில் வாப்பா வைத்திருந்த தேன்பெட்டிகளும் உடைந்ததுண்டு. அவை அடுப்புக்குப் போயின, சாம்பல் தென்னை மூட்டுக்குப் போனது.

அமானிதம் என்றேன். இந்த வழக்கில் ஒப்படைத்தவன் ஒருவன், ஒப்படைக்கப்பட்டவை இரண்டு. பெட்டிக்குள் இருக்கும் உயிர் ஒன்று, பெட்டிக்கு அடியில் இருக்கும் மண் மற்றொன்று. முதலாவதன் ஹக்கு, அதாவது உரிமை, பெரிது என்று வாதிக்கலாம்: அது இப்போது குளிர்கிறது, மண்ணுக்கு ஆகும் கேடு நான் போன பிறகு. ஆனால் கண்ணெதிரே நிற்பவனுக்குக் கொடுப்பதற்காகக் கண்ணில் படாதவனிடமிருந்து எடுப்பது தர்மம் ஆகாது என்பதும் வாப்பா சொன்னதுதான்; அவர் அண்ணன் தம்பி சொத்துத் தகராறுகளில் பஞ்சாயத்துக்குப் போகிறவர்.

எனக்கு முடிவைக் கொடுத்தது ஒரு நோய். இங்கே அமெரிக்கன் ஃபவுல்புரூட் என்று ஒன்று வரும். பாக்டீரியா. புழு அறைக்குள்ளேயே அழுகிக் கயிறுபோல இழுபடும். அதன் விதை பல பத்தாண்டுகள் உயிரோடு ஒளிந்திருக்கும். சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், கூட்டத்தை அழித்தே ஆக வேண்டும். மாலையில் எல்லாத் தேனீக்களும் திரும்பிய பிறகு வாசலை அடைத்து, மேலிருந்து பெட்ரோல் ஊற்றிக் கொன்று, குழி வெட்டி, சட்டங்களோடு எரிப்பார்கள். கொல்லக் கூடாது என்று நபிகள் நாயகம் பெயர் சொல்லித் தடுத்த நான்கு உயிர்களில் தேனீ ஒன்று, எறும்பு இன்னொன்று. தன்னைக் கடித்த ஓர் எறும்புக்காக ஒரு புற்றையே எரித்த நபி ஒருவரை இறைவன் கண்டித்த செய்தியும் உண்டு. எனக்கு இதுவரை அந்தக் குழியின் ஓரத்தில் நிற்க நேரவில்லை. நின்றால், பக்கத்துத் தோட்டத்துக் கூட்டங்களைக் காக்கத்தான் இது என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன், அது உண்மையும்கூட.

நான் யோசித்தது அந்தத் தீயில் பெட்டிக்கு என்ன ஆகிறது என்பதை. மரப்பெட்டியின் உட்புறத்தை ஊதுவிளக்கால் கருக கருகச் சுட்டால் அது மறுபடி புழக்கத்துக்கு வரும். சுட்டும் தேறாவிட்டால் அதே குழியில் சட்டங்களோடு அதுவும் போகும். பாலிஸ்டைரீனைச் சுட முடியாது, உருகும். ப்ளீச் கரைசலில் ஊறவைக்கலாம். அதற்கும் சரிவராவிட்டால் எங்கோ ஒரு கிடங்கு, யாரோ ஒருவர் கை. மரத்தின் கதையை நானே முடித்துவைக்க முடியும். மற்றதன் கதையை நான் தொடங்கலாம், முடிக்க முடியாது. முடிக்க முடியாததை அமானிதமாக ஏற்க எனக்குத் துணிவில்லை.

இரண்டாம் தரச் சீடர்தான் வாங்கினேன். மெல்லிய சுவருக்குப் பரிகாரமாக, சூடு மேலேதான் ஏறும் என்பதால், மூடிக்குள் கனமான காப்புப் பலகை ஒன்றை வெட்டிப் பொருத்தினேன். அடுத்த தெருவில் வீடு இழுத்துக் கட்டியவர்கள் குப்பைத் தொட்டியில் போட்டிருந்த துண்டு, கேட்டுத்தான் எடுத்தேன்.

மகன் வந்து பார்த்துவிட்டு, "உம்மா, மூடிக்குள்ள வச்சிருக்கீங்களே, அது எந்த மரம்?" என்றான். காப்புப் பலகையின் மஞ்சள் நுரை வெளியே தெரிந்தது. அது ஏற்கெனவே உண்டாகிவிட்ட பொருள், எனக்காகப் புதிதாக ஒன்றும் வார்க்கப்படவில்லை என்றேன். "அதையும் நீங்க முடிச்சு வைக்க முடியாதே" என்றான். நான் சொல்லி வைத்திருந்த நியாயத்தை அவன் நன்றாகவே கேட்டிருக்கிறான். என்னிடம் முழுப் பதில் இல்லை. மூடியைக் கழற்றவும் இல்லை.

சங்கத்தில் முதுகில் அறுவை செய்துகொண்ட ஒரு அம்மா, எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். அவருக்கு மரப்பெட்டியைத் தூக்குவது ஆகாது. பாலிஸ்டைரீனே வாங்குங்கள், வெயிலில் பொடியாமல் இருக்க வெளியே நல்ல பெயின்ட் அடியுங்கள், பெட்டியைப் பிரிக்க இரும்புக் கருவியை முரட்டுத்தனமாக நெம்பாதீர்கள் என்றேன். உடைந்தால் துண்டுகளைப் பொறுக்க என்னைக் கூப்பிடச் சொல்லி என் நம்பரையும் கொடுத்திருக்கிறேன்.