ரொக்கமும் ரகசியமும்

வலக்கரம் வழங்குவதை இடக்கரம் அறியாதபடி தர்மம் செய்பவருக்கு மறுமை நாளில் அல்லாஹ்வின் நிழல் உண்டு என்பது நாமெல்லாம் சிறுவயது முதல் கேட்டுவரும் நபிமொழியின் கருத்து. இந்தக் கைபேசிக் காலத்தில் அதை எப்படி அமல் செய்வது?

ஒரு விதவைச் சகோதரிக்கு 500 ரூபாயைக் கைபேசி வழியே அனுப்புகிறோம். நமது இடக்கரம் அறியவில்லைதான். ஆனால் நம் வங்கி அறிகிறது. அவருடைய வங்கி அறிகிறது. இடையில் நின்ற செயலியும் அறிகிறது. அதே பணத்தை ரொக்கமாக அவர் உள்ளங்கையில் வைத்திருந்தால், கொடுத்தவரையும் வாங்கியவரையும் படைத்தவனையும் தவிர வேறு யார் அறிவார்?

இப்படிச் சொன்னால் நம் வீட்டு இளைஞர்கள், "அதற்குத்தானே கிரிப்டோ கரன்சி வந்திருக்கிறது! அதில் வங்கியும் இல்லை, பெயரும் இல்லை" என்கிறார்கள். இது உண்மைதானா என்று நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

2009-ஆம் ஆண்டு ஜனவரியில், சதோஷி நாகமோட்டோ என்ற புனைபெயருக்குப் பின்னால் இருந்த யாரோ பிட்காயினைத் தொடங்கி வைத்தார். அதன் அடிப்படையே ஒரு பொதுப் பேரேடுதான். எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு எவ்வளவு போயிற்று என்பதை உலகில் எவரும் எடுத்துப் பார்க்கலாம். பெயருக்குப் பதில் எண் இருக்கிறது, அவ்வளவே. ஊர் நடுவில் பற்றுவரவு ஏட்டைத் தொங்கவிட்டு, பெயர்களை மட்டும் அழித்து வைத்ததைப் போன்றது இது. இந்த எண் இன்னாருடையது என்று ஒரு கடைக்காரர் அறிந்துகொண்டால், அந்த எண்ணின் பழைய வரவு செலவும் அவர் கண்முன் வந்துவிடும். ஏட்டில் ஏறியதை அழிக்கவும் முடியாது. கணக்கை மறைக்கும் வகை நாணயங்கள் சில உண்டு. ஆனால் அவற்றை நம் தெரு மளிகைக் கடையில் யார் வாங்கிக்கொள்வார்?

மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார் என்ற நாடு 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டபூர்வமான பணமாக்கியது. அரசின் செயலியை ஏற்றுக்கொண்டவருக்கு 30 டாலர் அன்பளிப்பும் கொடுத்தது. வீடு வீடாகச் சென்று விசாரித்த பொருளியல் ஆய்வாளர்கள் கண்டது என்ன? அன்பளிப்பைச் செலவழித்த பின் பெரும்பாலோர் அதைத் தொடவில்லை. ரொக்கமே போதும் என்று இருந்துவிட்டார்கள். தங்கள் விவரங்கள் வெளியாகுமோ என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். 2025 ஜனவரியில், கடைக்காரர்கள் அதைக் கட்டாயம் வாங்க வேண்டும் என்ற விதியையே அந்நாடு நீக்கிவிட்டது.

நம் நாட்டில் 2022 ஏப்ரல் முதல் இதன் இலாபத்துக்கு 30 சதவீத வரி. அதைக் கொடுத்துப் பொருள் வாங்கினாலும் கைமாற்றம்தான். 2023 மார்ச் முதல், இதை விற்று வாங்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் யார் என்று அறிந்து பதிவு செய்தாக வேண்டும். விலையோ, 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் ஏறத்தாழ 69,000 டாலர். ஓராண்டுக்குள் 16,000-க்கும் கீழே. இதை நம்பி மாத மளிகைக்குக் கணக்குப் போட முடியுமா? உலமாக்களிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு. மலேசியாவில் பங்குச் சந்தை ஆணையத்தின் ஷரீஅத் குழு 2020-ல் நிபந்தனைகளுடன் வியாபாரத்துக்கு இடமளித்தது; இந்தோனேசிய உலமா சபை 2021-ல் இதைப் பணமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றது. பத்வா கூறுவது நம் வேலையல்ல. ஆனால் ரகசியத்துக்காக இதை நாடுவோர் ஏமாந்து போவார்கள் என்பது தெளிவு.

இனி உள்ளே இருக்கும் கேள்விக்கு வருவோம். "ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்?" என்று சிலர் கேட்கிறார்கள். திருமறையோ பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. அனுமதி பெறாமல் பிறர் வீட்டில் நுழையாதீர்கள் என்றும் கட்டளையிடுகிறது. வீட்டுக்குள் இருப்பவரெல்லாம் திருடர் என்பதாலா இந்தக் கட்டளை? இல்லை. மனிதனின் மானத்துக்கு ஒரு திரை வேண்டும் என்பதால்தான். நாம் வாங்கும் பொருள்களும் வீட்டின் உட்புறம் போன்றவையே. மகளுக்கு வாங்கிய மருந்தும், கஷ்ட காலத்தில் வாங்கிய அரைக் கிலோ அரிசியும் பிறர் பார்வைக்கு உரியவை அல்ல.

ஆயினும் அதே ரூபாய் நோட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். லஞ்சமும் ரொக்கத்தில்தான் கைமாறுகிறது. வட்டிக்காரனும் ரொக்கத்தையே விரும்புகிறான். மனைவிக்குத் தெரியாமல் சம்பளத்தைச் சீட்டாட்டத்தில் தொலைப்பவனுக்கும் அது துணை போகிறது. ஜகாத் கணக்கிலிருந்து தப்பிக்கப் பெட்டிக்குள் பூட்டப்படுவதும் அதுவே. அப்படியானால் எந்த ரகசியம் நல்லது, எது கெட்டது?

இதற்கும் திருமறையிலேயே வழி இருக்கிறது. அதன் மிக நீண்ட வசனம், ஸூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம், கடனைப் பற்றியது. தவணையிட்டுக் கடன் கொடுத்தால் எழுதுங்கள், சாட்சி வையுங்கள் என்று விரிவாகச் சொல்லும் அதே வசனம், கைக்குக் கை நடக்கும் வியாபாரத்தை எழுதாமல் விட்டால் குற்றமில்லை என்றும் சொல்கிறது. என்ன அழகான நடுநிலை! ஒருவருடைய உரிமை நாளைக்கும் தொங்கி நிற்கும் இடத்தில் எழுத்து வேண்டும். அங்கேயே தீர்ந்துபோகும் இடத்தில் எழுத்து வேண்டியதில்லை.

கடன், கூட்டு வியாபாரம், வேலையாளின் கூலி, மஹர் பாக்கி, ஜமாஅத் பணம் ஆகியவற்றில் ரகசியம் கூடாது. அங்கே மறைப்பது பிறர் உரிமையைத் தின்பதில் முடியும். வெங்காயத்துக்கும் புளிக்கும் கொடுத்த காசு, ஏழையின் கையில் வைத்த ஸதகா ஆகியவற்றில் திரை இருப்பதே கண்ணியம். நம் ரகசியம் யாரைக் காக்கிறது, பலவீனரையா அல்லது நம் குற்றத்தையா என்று கேட்டுக்கொண்டால் போதும். விடை உள்ளத்திலேயே கிடைத்துவிடும்.

கைபேசியில் பணம் செலுத்துவது தவறென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கைபேசி இல்லாத முதியவரிடம் "ரொக்கம் வாங்குவதில்லை" என்று நம் கடைகள் சொல்லாமல் இருக்கட்டும். ஜகாத்தை நம் ஏட்டில் கணக்காக எழுதுவோம். வாங்கியவரின் பெயரையும் படத்தையும் ஊருக்குக் காட்டாதிருப்போம். மனிதரின் கண்ணிலிருந்து மறையும் ஒவ்வொரு காசும் அல்லாஹ்வின் கணக்கில் இருக்கிறது என்ற நினைவோடு வாங்குவோம், கொடுப்போம்.

மறைவிலும் வெளியிலும் நேர்மையாக வாழ வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்தருள்வானாக! ஆமீன்.