மௌனம் சம்மதமா?

தமிழ் விக்கிப்பீடியாவில் பங்களிப்பவர்கள் பொது விஷயங்களைப் பேசித் தீர்க்க ஒரு பக்கம் இருக்கிறது. அதன் பெயர் ஆலமரத்தடி. ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கு ஊர் அடிபம்பின் பெயரை வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே தமிழாக்கியிருந்தால் குழாயடி என்று ஆகியிருக்கும். நமக்குக் குழாயடி என்றால் சண்டைதான் ஞாபகம் வரும். ஆலமரத்தடி என்றால் பஞ்சாயத்து.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஆரம்பத்தில் அஸ்திவாரம் போட்டவர்களில் முக்கியமானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன். அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். பிறகு சென்னை, சேலம், கொழும்பு, டொராண்டோ என்று ஒருவரையொருவர் நேரில் பார்க்காத பலர் சேர்ந்து ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். இவர்கள் எல்லாரும் ஒரே மரத்தடியில் உட்கார வழியில்லை. அதனால் மரத்தையே ஒரு பக்கமாக்கிக்கொண்டார்கள். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா, கணினியா கணனியா என்பது மாதிரி விவாதங்களெல்லாம் இப்படி எழுதி எழுதித்தான் நடந்தன.

இங்கே முடிவு எடுக்கும் முறைதான் எனக்கு யோசிக்க வேண்டிய விஷயமாகப் படுகிறது. விக்கிப்பீடியாவில் பொதுவாகத் தலையை எண்ணி முடிவு செய்வதில்லை. கருத்தொருமிப்பு வர வேண்டும். ஒருவர் ஒரு யோசனையை முன்வைக்கிறார், கொஞ்ச நாள் காத்திருக்கிறார். எதிர்ப்பு வரவில்லை என்றால் எல்லாருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு செய்துவிடலாம். திறந்தமூல மென்பொருள் உலகத்திலும் இதே வழக்கம்தான். அப்பாச்சி திட்டங்களில் பெரும்பாலும் 72 மணி நேரம் காத்திருப்பார்கள். யாரும் மறுக்கவில்லையா, வேலை ஆரம்பம். மௌனம் சம்மதம் என்ற நம்மூர்ப் பழமொழியை விதியாக்கினால் இதுதான்.

இது சோம்பேறித்தனம் இல்லை. சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவர்கள், எல்லாரும் வந்து தலையாட்டும் வரை காத்திருந்தால் ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. ஆனாலும் கேள்வி இருக்கிறது: கூட்டத்துக்கு வராதவர் உண்மையிலேயே சம்மதித்துவிட்டாரா?

இதற்கு நேர் எதிரான ஏற்பாட்டைப் பார்க்க நாமக்கல் பக்கம் ஏதாவது ஒரு ஊராட்சிக்குப் போனால் போதும். கிராம சபைக்கு வராதவரின் மௌனத்தைச் சட்டம் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்று கணக்கு உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கும் மேல் என்றால் 300 பேர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த நாட்களோடு 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்தன.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணக்கு இருக்கிறது என்றால் அதை நிரப்பும் வழியும் இருக்கும். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நோட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி அனுப்பிவிடுகிறார்கள் என்பது நம் ஊர்களில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. அங்கே வராதவரின் மௌனம் கணக்கில் வராது, வந்தவரின் மௌனம் கையெழுத்தாகிவிடும். ஆக, ஆளை எண்ணுவதாலும் குரல் கிடைத்துவிடாது.

ஏனென்றால் மௌனம் என்பது ஒன்று இல்லை. ஒத்துக்கொண்டு பேசாமல் இருப்பவர் உண்டு. அலுத்துப்போனவர் உண்டு. பயந்தவர் உண்டு. கூட்டம் நடப்பதே தெரியாதவரும், தெரிந்தும் ‘அங்க பேசுற மாதிரி நமக்குப் பேச வராதுங்க’ என்று ஒதுங்கியவரும் உண்டு. பழைய ஆலமரத்தடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது திறந்தவெளிதான், கதவே கிடையாது. ஆனால் மேடையில் உட்கார்ந்தவர் யார், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றவர் யார், அந்தப் பக்கமே வரக்கூடாத பெண்கள் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த மரத்தின் பெயரைக் கடன் வாங்கியவர்கள் இந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறோம்.

ஒரு சின்ன உதாரணம். ஆத்தூர், ராசிபுரம் பக்கம் சேகோ ஆலைக்குப் போவது குச்சிக்கிழங்கு. ஜவ்வரிசி அதிலிருந்துதான் வருகிறது. புத்தகத்தில் அது மரவள்ளி. கட்டுரைக்கு மரவள்ளி என்று தலைப்பு வைக்கலாமா என்று யாராவது கேட்டிருந்தால் ஒருத்தரும் மறுத்திருக்க மாட்டார்கள். குச்சிக்கிழங்கு என்று சொல்லக்கூடியவர் அந்த நேரம் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருப்பார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவரிடமும், திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு ஆந்திராவுக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் போய் போர் போடுகிறவரிடமும், எந்தக் கலைக்களஞ்சியத்திலும் ஏறாத சொற்கள் நிறைய இருக்கின்றன. அவர்கள் மறுக்கவில்லை என்பதற்கு, அவர்களிடம் கேட்கவில்லை என்பதற்கு மேல் ஒரு அர்த்தமும் கிடையாது.

இதற்கு ஒரு வலுவான பதில் உண்டு. வேலை செய்கிறவன் முடிவெடுக்கிறான். வராமல் இருந்துவிட்டு அப்புறம் குறை சொன்னால் எப்படி? இதில் பாதி நியாயம் இருக்கிறது. தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தவர்களுக்கு அந்த உரிமை உண்டு. மீதிப் பாதி என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பதில்லை. கூட்டம் நடக்கும் நேரத்தில் நாமக்கல் ஓட்டுநர் நாக்பூரைத் தாண்டிக்கொண்டிருப்பார். அவரைப் பற்றியும் எழுதுகிற ஒரு அறிவுத்தொகுப்பு, அவரிடம் நேரம் இல்லாததை அவருடைய கருத்தாக மாற்றிவிடக் கூடாது.

அப்படியென்றால் என்ன செய்வது? எல்லாரும் வரும் வரை காத்திருக்க முடியாது. வந்தவர்கள் முடிவெடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதை ஒரு கடனாக எடுத்துக்கொள்ளலாம். வராதவரின் பெயரில் வாங்கிய கடன், அவர் வந்து கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். கிராம சபைக்கு இது கஷ்டம். போட்ட ரோட்டைப் பெயர்த்தெடுக்க முடியாது, வெட்டிய மரம் திரும்பி முளைக்காது. விக்கியில் அந்தச் சாக்கு செல்லாது. ஒவ்வொரு மாற்றமும் வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. ஒரு சொல்லுக்கு வழிமாற்று வைக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

ஆக, தொழில்நுட்பத்தில் தடையே இல்லை. தடை எங்கே வருகிறது என்றால், அஞ்சு வருஷம் கழித்துப் புதிதாக வந்த ஒருவர், ‘எங்க ஊர்ல இதை இப்படித்தாங்க சொல்லுவோம்’ என்று எழுதும்போது, ‘இது ஏற்கெனவே பேசி முடிச்சதுங்க, பழைய பக்கத்தைப் பாருங்க’ என்று நாம் சொல்லும் அந்த ஒற்றை வரியில். சொல்கிறவர் கெட்டவர் இல்லை. இதையே பத்தாவது தடவையாகக் கேட்டு அலுத்தவராக இருப்பார். ஆனால் அந்த வரியைப் படித்தவர் மறுபடி வர மாட்டார். அவர் மௌனமும் அடுத்த முடிவில் சம்மதமாகச் சேர்ந்துவிடும்.

ஒரு கூட்டம் திறந்த கூட்டமா என்று பார்க்க, எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதைவிட, முடிந்த பிறகு வந்தவரிடம் என்ன சொன்னார்கள் என்று தேடிப் பார்க்கலாம். விக்கியில் அந்தப் பதில்களும் அழியாமல் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.