கைவேலை என்ற பெயர்

யந்திரம் செதுக்கிய மர நகையைக் கைவேலை என்று சொல்லி விற்கலாமா? நம் பாட்டனார் காலத்தில் இப்படி ஒரு கேள்வி எழுந்திருக்க நியாயமில்லை. இன்று எழுகிறது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கத்து வீடுகளில் யந்திரக் கல்வி கற்ற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. மேசையின்மேல் அடங்கும் சிறிய சி.என்.சி. யந்திரம் ஒன்றை வாங்கி வைத்து, ஓய்வு வேளையில் மரப் பதக்கமும் தோடும் செய்வது நல்ல பொழுதுபோக்கு. அதில் நாலு காசு வந்தால் வீட்டுக்கும் உதவி. இதில் குற்றம் காண்பாரில்லை. ஆனால் பொருள் விலைக்கு வந்தவுடன் அதற்கு என்ன பெயர் இடுவது என்ற வினாவும் கூடவே வந்து நிற்கிறது.

முதலில் வேலை நடக்கும் விதத்தைப் பார்ப்போம். படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, கத்தி எத்தனை மில்லிமீட்டர் போகவேண்டும், எவ்வளவு ஆழம் இறங்கவேண்டும் என்று எண்களாக எழுதிக் கொடுக்கிறார்கள். யந்திரம் ஒரு மரத்தில் பூவின் உருவைப் பள்ளமாகத் தோண்டுகிறது. வேறு நிற மரத்தில் அதே பூவை, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி, மேடாகச் செதுக்குகிறது. ஓரங்கள் சரிவாக இருப்பதால், பசை தடவி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஆப்பு இறங்கினாற்போல இறுகிக்கொள்ளும். காய்ந்தபின் மேல்மரத்தை அறுத்து நீக்கி உப்புத்தாளால் தேய்த்தால் பூ வெளிப்படும். எண்களால் ஓடும் செதுக்கு யந்திரத்தை முதன்முதல் 1952-ஆம் வருஷம் அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் ஓட்டிக் காட்டினர். அன்று துளையிட்ட காகித நாடா கட்டளையிட்டது. இன்று கம்ப்யூட்டர் கட்டளையிடுகிறது.

இனி மைசூரைப் பாருங்கள். அங்கே ஈட்டி மரத்தில் பிற மரங்களைப் பதிக்கும் தொழில் தலைமுறைகளாக நடந்து வருகிறது. 1912-இல் கட்டி முடிந்த மைசூர் அரண்மனையில், தந்தம் பதித்த ஈட்டி மரக் கதவு இன்றும் உள்ளது. தந்த வியாபாரம் 1986-லும் 1991-லும் சட்டத்தால் தடுக்கப்பட்டபோது, அந்தத் தொழிலாளர் தொழிலைக் கைவிடவில்லை. பல நிற மரங்களாலேயே யானையையும் மரத்தையும் கிராமத்தையும் தீட்டினார்கள். மெல்லிய இழை ரம்பத்தால் ஒவ்வொரு துண்டையும் அறுத்து, ஈட்டிப் பலகையில் உளியால் பள்ளம் எடுத்து, துண்டுக்குத் துண்டு பொருத்துகிறார்கள். கை நடுங்கினால் துண்டு வீண். கண் தவறினால் இடைவெளி தெரியும்.

இங்கே ஒரு ஆட்சேபணை. "ரம்பமும் ஒரு கருவிதானே? உளி எடுத்தவனைக் கைவினைஞன் என்கிறீர்கள். யந்திரம் ஓட்டுகிறவனை ஏன் மறுக்கிறீர்கள்?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் கோடரியை உதாரணமாக எடுத்து இதை விளக்கினார். வெட்டுவது கோடரியின் கூர்மை. வெட்டிய மரம் கட்டிலாவது தச்சனின் கருத்து. ஆகையால் கட்டிலைச் செய்தவன் தச்சனே. அவ்வாறே, பதக்கத்தைச் செய்தது யந்திரமல்ல, மனிதனே. அவனுடைய கற்பனை, மரத்தைத் தேர்ந்த அறிவு, தேய்த்த பிரயாசை எல்லாம் அதில் உண்டு. அதற்காக அவன் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் ஒரு பேதமும் உண்டு. உளி பிடித்தவன் ஒவ்வொரு பதக்கத்துக்கும் புதிதாகத் தன் கையின் கவனத்தைக் கொடுக்கிறான். நூறாவது பதக்கமும் முதலாவதைப்போலவே அவனுக்குப் பாடு. யந்திரக்காரனுக்கோ பாடெல்லாம் முதலாவதில்; பிறகு வருவது தேய்ப்பும் மெருகும்தான். இரண்டும் நேர்மையான உழைப்பே. எனினும் இரண்டும் ஒன்றல்ல. ஒன்றின் பெயரை மற்றொன்றுக்கு இடுவது பொய்.

"பொருள் அழகாயிருக்கிறது, வாங்கினவர் சந்தோஷப்படுகிறார், யாருக்கு என்ன நஷ்டம்?" என்பது இரண்டாம் ஆட்சேபணை. நஷ்டம் அந்தப் பேச்சில் இல்லாத மூன்றாம் மனிதனுக்கு. யந்திரப் பதக்கம் கைவேலை என்ற பெயரில் குறைந்த விலைக்குக் கிடைத்தால், மெய்யாகவே கையால் செய்தவன் தன் கூலியைக் கேட்கும்போது பேராசைக்காரனாகத் தோன்றுவான். "அங்கே இதில் பாதி விலைதானே!" என்று வாங்குகிறவர் முகம் சுளிப்பார். யந்திரத்தோடு போட்டி போடுவதால் அவன் தோற்றால் அது காலத்தின் மாறுதல். பொய்ப் பெயரோடு போட்டி போட்டுத் தோற்றால் அது அநியாயம்.

பெயரும் ஒருவகைச் சொத்து என்பதை நாட்டுச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. 1999-இல் இயற்றி 2003-இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி, மைசூர் ஈட்டி மரப் பதிப்பு வேலையின் பெயர் காக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் அலுவலகம் வேறெங்குமில்லை. நாம் தினந்தோறும் போய்வரும் ஜி.எஸ்.டி. சாலையில், கிண்டியிலேயே இருக்கிறது. அச்சட்டம் ஊர்ப் பெயரைக் காக்கும். "கைவேலை" என்ற பொதுப் பெயரைக் காப்பது நம் மனச்சாட்சியின் வேலை.

பங்குக் குடும்பத்தினரே, ஆகவே செய்யத்தக்கவை இவை. வீட்டில் பிள்ளை இப்படிப்பட்ட நகை செய்தால் தடுக்காதீர்கள், ஊக்கமளியுங்கள். விற்கும் சீட்டில் "யந்திரத்தில் செதுக்கி, கையால் மெருகிட்டது" என்று உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். பிறர் வரைந்த படமானால், உரியவரிடம் விலைகொடுத்தோ அனுமதி பெற்றோ எடுக்கவேண்டும். அதுவும் ஒருவருடைய உழைப்பு. வாங்குகிற பக்கத்திலிருந்தால், "இது எப்படிச் செய்தது?" என்று கேட்டு வாங்குங்கள், கையால் செய்தது என்று அறிந்தபின் அவன் கூலியில் பேரம் பேசாதீர்கள். முடிந்தால் பிள்ளையின் கையில் ஒருநாள் ரம்பத்தைக் கொடுத்து, ஒரே ஒரு இலையை அறுத்துப் பதிக்கச் சொல்லுங்கள். அரை நாள் அதோடு போராடியவன், பிறகு ஒருபோதும் கைவேலை என்ற சொல்லை இலேசாக எழுதமாட்டான்.

யந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதன்மேல் ஒட்டும் சீட்டை எழுதுவது நாம்.