எல்லையில் நின்றுவிடும் நீதி

1884ஆம் ஆண்டு, கிளாட்ஸ்டன் ஆட்சியில், பிரிட்டனின் கிராமத் தொழிலாளர் பலர் வாக்குரிமை பெற்றனர். தொழிற்புரட்சி வளர்த்த வர்க்கப் பேதம் சற்றே தளர்ந்தது; நல்லதே. ஆனால் அதே ஆட்சிக் காலத்தில், 1882இல், சென்னை வனச் சட்டம் பிறந்தது. ஜவ்வாது மலையில் சாமை விதைத்தும் ஆடுமாடு மேய்த்தும் வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினரைச் சூழ்ந்த வனம் ‘காப்புக்காடு’ ஆயிற்று. தலைமுறை வழக்கமாயிருந்த உரிமை, அதிகாரி அளிக்கும் சலுகையாகச் சுருங்கியது.

தன்னாட்டு ஏழைக்கு ஈந்த கை, அயல்நாட்டு ஏழையிடம் பறித்ததேன்? முன்னவனுக்குக் குரல் இருந்தது. ஆள்வோர் அதற்கு அஞ்சினர். பின்னவனுக்கு அஞ்ச வேண்டிய தேவையே இல்லை. அச்சத்தால் அளிப்பது நீதியன்று, கணக்கு.

அந்த அநீதியை நம் நாட்டுச் சட்டம் ஒப்புக்கொண்டது 2006இல்தான். இடையே 124 ஆண்டுகள்!

அன்பர்களே, நம்மை எதிர்த்துப் பேச இயலாத பணியாளுக்கு நம் இல்லத்தில் என்ன நியாயம் வழங்குகிறோம்? நம் நீதியின் உரைகல் அதுவே.