கல்லும் வேண்டும், கையும் வேண்டும்



நம்முடைய ஜனங்களில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். நர்ஸ், லேப் டெக்னீஷியன், ஆயா, வார்டு பாய், 108 வண்டி ஓட்டுகிறவர். வியாதியஸ்தருக்காக ஜெபிக்க வார்டுக்குப் போகும்போது கட்டிலில் படுத்திருக்கிறவரைத்தான் நாம் பார்க்கிறோம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஊசியோடு நிற்கிறவரை யார் பார்க்கிறார்கள்? மற்றவர்களைத் தேற்றுகிறவர் சோர்ந்துபோனால், அவரைத் தேற்றுகிற கடமை யாருக்கு? இந்த மாதம் இதைச் சற்று சிந்திப்போம்.

முதலாவது, இது என்ன சோர்வு? ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தால் போய்விடுகிற அசதி அல்ல. 1974-ல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற மனநல நிபுணர், நியூயார்க்கில் ஓர் இலவச சிகிச்சை நிலையத்தில் தம்மோடு வேலைசெய்தவர்களைப் பார்த்து, ‘எரிந்து தீர்ந்துபோதல்’ என்று பொருள்படும் ‘பர்ன் அவுட்’ என்ற பெயரில் இதைப்பற்றி எழுதினார். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது. சக்தி முழுவதும் தீர்ந்துபோவது ஒன்று. வேலையைவிட்டு மனசு விலகி, கசந்துபோவது இரண்டு. ‘நான் செய்யறதுல ஒரு பிரயோஜனமும் இல்லை’ என்று தோன்றுவது மூன்று. இதை அவர்கள் ஒரு வியாதி என்று சொல்லவில்லை. வேலையிடத்து நெருக்கடி நெடுநாள் சரிசெய்யப்படாமல் கிடந்தால் வருகிற விளைவு என்றே சொன்னார்கள். அப்படியானால், சோர்ந்தவரை மட்டும் குற்றம் சொல்ல இடமில்லை.

தைப்பூசம், பங்குனி உத்திரம் வந்தால் நம் பழனி எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாள்கணக்காய் நடந்துவந்து பாதம் கொப்பளித்தவர்கள், வெயிலில் மயங்கினவர்கள், ரோட்டில் அடிபட்டவர்கள். முந்தி ‘அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க’ என்று பேசின சிஸ்டர், வரவர ‘அஞ்சாம் நம்பர் பெட், சும்மா இரு!’ என்று எரிந்து விழுகிறார். நாம் உடனே ‘என்ன திமிர்!’ என்கிறோம். எண்ணெய் தீர்ந்த விளக்கில் திரி கருகிப் புகைதான் வரும், பிரியமானவர்களே. புகையைத் திட்டினால் விளக்கு எரியுமா?

சரி, புகழ்ந்தால் எரியுமா? 2020 மார்ச் 22 சாயங்காலம் 5 மணிக்கு தேசமெங்கும் ஜனங்கள் வாசலில் நின்று கைதட்டினார்கள், தட்டு தட்டினார்கள். கொரோனா வார்டில் நின்றவர்களுக்கு அது மரியாதைதான். ஆனால் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 19-ல் சென்னையில் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் மரித்தார். அடக்கம்பண்ணக் கொண்டுபோன இடத்தில் ஒரு கூட்டம் கல்லும் கட்டையும் கொண்டு ஆம்புலன்ஸைத் தாக்கியது. அந்த ராத்திரியில் திரும்பிவந்து, போலீஸ் பாதுகாப்போடு, தம் கையால் மண்ணைத் தள்ளி அவரை அடக்கம்பண்ணினது யார் தெரியுமா? அவரோடு பழகின டாக்டர் பிரதீப் குமாரும் இரண்டு வார்டு பாய்களும். கைதட்டின கூட்டம் கலைந்துபோயிற்று. கூட வேலைசெய்த கைகளே மிஞ்சின.

புகழ்ச்சி வேறு, துணை வேறு. ‘நீங்க தெய்வம், தேவதை’ என்று ஒருவரைத் தூக்கி உயரத்தில் வைத்துவிட்டால், அவர் ‘எனக்கு முடியலை’ என்று சொல்ல வாயில்லாமல் போகிறது. தேவதைக்குக் கால் வலிக்கலாமா? ஆனால் அதே நைட் டியூட்டி பார்க்கிற இன்னொரு சிஸ்டரிடம் அதைச் சொல்லலாம். அவருக்கு விளக்கிச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மலைமேல் மோசேயின் கைகள் அசந்துபோகின்றன. விசுவாசம் குறையவில்லை, கைதான் அசந்தது. அவரோடு இருந்தவர்கள் பிரசங்கம் பண்ணவில்லை. ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு உட்காரவைத்தார்கள். பிறகு ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவன் மறுபக்கமுமாக, சூரியன் அஸ்தமிக்கிறவரை கைகளைத் தாங்கினார்கள்.

‘எல்லாருமே களைச்சவங்கதானே பாஸ்டர், களைச்சவன் களைச்சவனை எப்படித் தூக்குறது?’ என்று கேட்கலாம். ஆரோனும் அதே மலை ஏறினவன்தான். ஆனால் ஆளுக்கு ஒரு கைதான் தாங்கினார்கள். முழுப் பாரத்தையும் ஒருவர் சுமக்கவில்லை. 2020-ல் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவர்கள் ராணுவத்தில் உள்ள ஒரு பழக்கத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கிற ஊழியர்களை இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்த்து, ஒருவரையொருவர் தவறாமல் விசாரிக்கச் செய்தார்கள். இதற்கு ஆகிற செலவு கொஞ்சம் நேரம், கொஞ்சம் கரிசனை.

நம் வழியிலேயே ஒரு சாட்சி உண்டு. இங்கிருந்து திண்டுக்கல் போகிற வழியில், ஒட்டன்சத்திரத்தில் 1955-ல் டாக்டர் தரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும் ஆரம்பித்த மருத்துவமனைக்குப் பெயரே ‘கிறிஸ்டியன் பெல்லோஷிப்’. பெல்லோஷிப் என்றால் ஐக்கியம். தனி ஆளாய்ச் சுமக்கிற வேலை இது அல்ல என்பதைப் பெயர்ப்பலகையே சொல்லுகிறது.

ஆகவே ஆஸ்பத்திரியில் வேலைசெய்கிறவர்களே, கஷ்டமான ஷிஃப்ட் முடிந்ததும் பக்கத்திலிருக்கிறவரை, ‘சாப்பிட்டீங்களா? இன்னிக்கு எப்படி இருந்துச்சு?’ என்று கேளுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள். உடனே புத்தி சொல்லவேண்டாம். பத்து நிமிஷம் அவர் வார்டைப் பார்த்துக்கொண்டு, அவரை டீ குடிக்க அனுப்புங்கள். கேட்டதை வெளியே சொல்லாதிருங்கள். துப்புரவு செய்கிறவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், வெறும் ஆறுதலோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416-க்கும் போன் செய்யலாம்.

ஆனால் கல்லை மறந்துவிடக் கூடாது. முதலில் போட்டது கல். அதற்குப் பிறகுதான் கை. மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் வைத்துவிட்டு, லீவும் கொடுக்காமல், ‘ஒருவரையொருவர் உற்சாகப்படுத்துங்கள்’ என்று மேலே இருக்கிறவர்கள் சொன்னால், அது நியாயம் அல்ல. போதுமான ஆட்கள், சரியான ஓய்வு, நேரத்துக்குச் சம்பளம், உட்கார ஒரு நாற்காலி, இவைதான் கல். கூட வேலைசெய்கிறவர்களின் அன்பைக் காட்டி நிர்வாகம் தன் கடமையிலிருந்து தப்பிக்க இடம் கொடுக்கக் கூடாது. அதேபோல, கல்லினால் மாத்திரம் ஒரு மனுஷனுடைய கையைத் தாங்கவும் முடியாது. சம்பளம் கூடினாலும், பிரசவத்தில் ஒரு தாயை இழந்த ராத்திரியில் அந்த சிஸ்டருக்குத் தேவை பக்கத்தில் ஒரு மனுஷி.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. நைட் டியூட்டி முடித்து நேரே ஆராதனைக்கு வந்து கண் அயர்கிற சகோதரியை யாரும் முழங்கையால் இடிக்கவேண்டாம். ஒரு தலையணை கொடுங்கள். மத்தியானம் ஒரு பிடி சோறு போட்டு அனுப்புங்கள். அடுத்த தரம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, நம்முடைய ஆளுக்காக ஜெபித்து முடித்தபின், அந்த டியூட்டி சிஸ்டரையும் பார்த்து, ‘நீங்க எப்படிம்மா இருக்கீங்க?’ என்று கேட்டுவிட்டு வருவோமா?

கர்த்தர் தாமே நம் கைகளைத் திடப்படுத்துவாராக. ஆமென்.