பவளத்தைப் பிடிக்கப் பறப்பவர்கள்

2021 ஜூனில் ஸ்கைமார்க் நிறுவனம் டோக்கியோவின் ஹனேடாவிலிருந்து ஒகினாவாவின் நஹாவுக்கு பிகாச்சு வரைந்த விமானம் ஒன்றை ஓட்டத் தொடங்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூரின் ஸ்கூட், ஒரு போயிங் 787-ஐ அதேபோல அலங்கரித்து டோக்கியோவுக்கு அனுப்பியது. விமானத்தில் போகிமான் வரைவது ஜப்பானுக்குப் புதிதில்லை. ஏஎன்ஏ 1998-லேயே செய்தது. ஆனால் அன்றைக்கு அது வெறும் விளம்பரம். பார்த்தோம், ரசித்தோம், முடிந்தது. இப்போது கூடவே 'போகிமான் கோ' இருக்கிறது. ஒகினாவாவின் கரியுஷி சட்டை போட்ட பிகாச்சு, ஒகினாவாவில் போய் இறங்கியவரின் போனுக்கு வந்தது. ஊருக்குப் போனதற்கான பரிசு.

ஒரு புரோகிராமராக இதைப் பார்த்தால் விஷயம் ரொம்பச் சின்னது. வரைபடத்தில் ஒரு எல்லை. உங்கள் போன் அதற்குள் இருக்கிறதா? ஆமென்றால் கொடு, இல்லையென்றால் கொடுக்காதே. அவ்வளவுதான் நிபந்தனை. அந்த பிகாச்சுவைச் சென்னையிலும் கொடுக்கலாம், செலவு ஒரு பைசாகூட ஆகாது. தட்டுப்பாடு நாமாக உண்டாக்கியது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த விளையாட்டில் முட்டை பொரிய நடக்க வேண்டும். மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டரைத் தாண்டினால் தூரம் கணக்கில் ஏறாது. ஹனேடாவிலிருந்து நஹா வரைக்கும் 1,500 கிலோமீட்டருக்கு மேல் பறந்தாலும் முட்டைக்கு அது பூஜ்யம். நடக்க வைப்பதற்காக எழுதப்பட்ட விளையாட்டு, பறக்க வைப்பதற்காக வாடகைக்குப் போயிருக்கிறது.

காரணம் செயற்கையானது என்பதாலேயே தப்பாகிவிடுமா? நான் அப்படி நினைக்கவில்லை. ராமேஸ்வரத்து மணலை எடுத்துப்போய் கங்கையில் கரைத்து, கங்கை நீரோடு திரும்பி வந்து அபிஷேகம் செய்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மணல் எங்கும் மணல்தான் என்று சொல்லி அந்தப் பயணத்தைத் தள்ளிவிட முடியாது. தலபுராணங்கள் எல்லாமே ஓர் ஊரின் மேல் போர்த்திய கதைகள்தானே. அந்தக் கதையை நம்பிப் போனவர்கள் வழியில் வேறு எத்தனையோ பார்த்தார்கள். 2016 நவம்பரில் சுனாமி அடித்துப்போன வடகிழக்கு ஜப்பான் கடலோரத்தில் லாப்ரஸ் என்ற அரிய போகிமானைச் சில நாட்களுக்கு அதிகமாக வரவிட்டார்கள். இஷினோமாக்கி போன்ற ஊர்களுக்கு ஆட்கள் திரும்ப வர ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அந்தச் சாக்கை நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அதைச் சொல்ல, விமான நிறுவனங்களின் ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கும் கோர்சோலாவிடம் போக வேண்டும். கோர்சோலா ஒரு பவளப்பாறை போகிமான். 2017-இல் விளையாட்டுக்குள் வந்தது, வெப்பமண்டலக் கடலோரங்களில் மட்டும் கிடைக்கும்படி. டோக்கியோக்காரருக்குக் கிடைக்காது, ஒகினாவாவில் கிடைக்கும். நம் சென்னைக்காரருக்கு மெரினாவிலேயே கிடைக்கும். ஆக, டோக்கியோவில் இருப்பவர் பவளத்தைப் பிடிக்க விமானம் ஏற வேண்டும்.

அதே 2017 ஜனவரியில் ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு தகவலை வெளியிட்டது. ஒகினாவா மாகாணத்தின் தெற்கே, இஷிகாக்கிக்கும் இரியோமோத்தேவுக்கும் நடுவில் இருக்கிறது செகிசெய் கடற்பரப்பு, ஜப்பானின் மிகப் பெரிய பவளத்திட்டு. அதில் சுமார் 70 சதவீதப் பவளம் செத்துவிட்டது. முந்தைய கோடையில் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானதுதான் காரணம். கடலைச் சூடாக்குகிற புகையில் விமானத்தின் பங்கும் இருக்கிறது. 2019-இல் வந்த 'ஸ்வோர்ட்', 'ஷீல்ட்' விளையாட்டுகளில் கோர்சோலாவுக்கு இன்னொரு வடிவம் கொடுத்தார்கள்: நிறமிழந்து வெளுத்த ஓர் ஆவி, திடீர்க் காலநிலை மாற்றத்தில் அழிந்த இனம். செய்தவர்களுக்கு எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது.

இதற்கு வழக்கமாக வரும் பதில்: "விமானம் எப்படியும் போகத்தான் போகுது, நான் ஏறலன்னா காலி சீட்டோட போகும்." பல இடங்களில் இந்த வாதத்தை எதிர்க்க நான் திணறுவேன். இங்கே திணற வேண்டியதில்லை. காலி இருக்கையை நிரப்பத்தான் இந்த ஒப்பந்தமே. எந்த வழித்தடத்தில் எத்தனை விமானம் விடலாம் என்பதை இருக்கை நிரம்புவதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். நம் ஆசையை எண்ணிப் பார்த்துத்தான் அடுத்த விமானம் கிளம்புகிறது. தனியாள் கணக்கில் வரமாட்டான் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளும்போது, அந்தத் தனியாளைக் கணக்கில் வைத்தே எல்லாம் திட்டமிடப்படுகிறது.

ஒகினாவாக்காரர் ஒருவர் குறுக்கிட்டு, "நாங்க சுற்றுலாவை நம்பித்தான் பிழைக்கிறோம்" என்றால் அதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. 2021-இல் கொரோனாவால் அங்கே வருகிறவர் மிகவும் குறைந்திருந்தார்கள். அந்த நேரத்தில் வந்த விமானம் சோறு போட்டிருக்கும். ஆனால் அதே மனிதர் வாழும் தீவின் பவளம்தான் செலவுக் கணக்கில் எழுதப்படுகிறது. டிக்கெட்டில் அந்தத் தொகை இல்லை, விளையாட்டிலும் இல்லை. விருந்தாளியின் பயணச்செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரரே, தனக்குத் தெரியாமல், கட்டுகிறார்.

வேறு வழியும் அதே விளையாட்டுக்குள் இருக்கிறது. 2022 டிசம்பரில் விவில்லான் என்ற பட்டாம்பூச்சி வந்தது. வேறு வேறு பகுதிகளிலிருந்து நண்பர்கள் அனுப்பும் அஞ்சலட்டைகளைச் சேர்த்தால் அது கிடைக்கும். அட்டை எந்தப் பகுதியிலிருந்து வந்ததோ அதைப் பொறுத்துச் சிறகின் கோலம் மாறும். அங்கேயும் நிபந்தனை தூரம்தான். ஆனால் தூரத்தைக் கடக்க யாரும் எரிபொருள் எரிக்க வேண்டியதில்லை, அந்த ஊரில் ஒரு மனிதரைத் தெரிந்திருந்தால் போதும்.

இரண்டு நிபந்தனைகளையும் எழுதுவது ஒரே அளவு வேலைதான். எதை எழுதுவது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் விமான நிறுவனத்தின் ஆள் இருப்பார். பவளத்தின் சார்பில் பேச யாரும் இருக்க மாட்டார்கள். அந்த அறையில் கீபோர்டோடு உட்கார்ந்திருப்பது என்னைப் போன்ற ஒருத்தர். அவருக்கு ஒரு கேள்வியாவது கேட்கும் கடமை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.