இடப்பக்கம் ஒரு படம்

திமிங்கலச் சுறாவைப் படம் எடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் ஆசைப்படுவது ஒரே கோணத்துக்குத்தான். அகன்ற வாயைத் திறந்தபடி அது நேரே நம்மைப் பார்த்து வர வேண்டும். மேலிருந்து வெயில் கதிர் கதிராக இறங்க வேண்டும். அப்படி ஒன்று சிக்கிவிட்டால் ஃபேஸ்புக்கில் போட்டு ஒரு வாரம் பாராட்டு வாங்கலாம். ஆனால் அது எந்தச் சுறா, போன வருடமும் இங்கே வந்ததா என்று அந்தப் படத்தை வைத்து யாரும் சொல்ல முடியாது. ஆய்வாளர்கள் கேட்பது வேறு படம்: உடலின் இடப்பக்கம், ஐந்தாவது செவுள் பிளவுக்குப் பின்னால், மார்புத் துடுப்புக்கு மேலே உள்ள பகுதி. வாய் வேண்டாம், வால் வேண்டாம், அழகும் வேண்டாம். புள்ளிகள் தெளிவாக விழுந்திருந்தால் போதும்.

நாம் யாருக்காகப் படம் எடுக்கிறோம் என்ற கேள்வி எனக்குள் எழுந்தது இந்த இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ பவளப்பாறை, கரையை ஒட்டி ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் பவளங்கள் மொத்தமாக முட்டைகளை வெளியேற்றும். அதைத் தொடர்ந்து கடல் மிதக்கும் சிற்றுயிர்களால் நிறையும். திமிங்கலச் சுறாக்கள் வந்து சேரும். சிறு விமானம் மேலே வட்டமிட்டு, இருக்கும் இடத்தைப் படகுக்குச் சொல்லும். ஒரு சுறாவுடன் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் நீரில் இருக்கக் கூடாது. உடலிலிருந்து மூன்று மீட்டர், வாலிலிருந்து நான்கு மீட்டர் தள்ளியே நீந்த வேண்டும். தொடக் கூடாது, ஃபிளாஷ் போடக் கூடாது.

ஃபிளாஷுக்குத் தடை இல்லாவிட்டாலும் பயன் இருக்காது. நீரில் மிதக்கும் கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் வெளிச்சம் பட்டதும் வெள்ளை வெள்ளையாக மின்னிப் படத்தைக் கெடுத்துவிடும். நமக்குத் தூசி, சுறாவுக்குச் சோறு. படம் கலங்கலாக வருகிற நீரில்தான் அது பசியாறுகிறது.

அங்கே நான் நீரில் குதித்ததும் முதலில் நீலம் மட்டும்தான் தெரிந்தது. பிறகு அந்த நீலத்தில் ஓரிடம் கருத்து, கருமை தலையாகி, தலைக்கு முன்னே மஞ்சள் பாரைக் குஞ்சுகள் ஒரு கூட்டமாக வந்தன. பிரம்மாண்டமான வாய்க்கு ஒரு சாண் முன்னால், பயமே இல்லாமல், அதன் வேகத்துக்கே அவையும் நீந்தின. வயிற்றடியில் இரண்டு ஒட்டுமீன்கள். வாயோரத்துக்குச் சற்றுப் பின்னால் கண். அவ்வளவு பெரிய உடம்புக்குப் பொருந்தாத சின்னக் கண். சுறா என்னைக் கடந்துபோன சில நொடிகளில் சாம்பல் நிற முதுகின் வெண்புள்ளிகளும் கோடுகளும் வரிசை வரிசையாக நகர்ந்தன. அது சோம்பலாகத்தான் போனது. காலில் துடுப்பு மாட்டியிருந்த நான்தான் பின்தங்கினேன்.

அந்தப் புள்ளிகளின் அமைப்பு ஒரு சுறாவுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது. அவற்றை ஒப்பிடும் வழி வானியலிலிருந்து வந்தது. இரவு வானத்தின் இரண்டு படங்களில் ஒரே நட்சத்திரக் கூட்டத்தைக் கண்டுபிடிக்க எட்வர்ட் க்ரோத் என்பவர் 1986இல் ஒரு கணக்கு முறையை வெளியிட்டார். மூன்று மூன்று புள்ளிகளை இணைத்து முக்கோணங்கள் வரைந்து, அவற்றின் வடிவத்தை ஒப்பிடுவது அந்த முறை. படம் பெரிதானாலும் சிறிதானாலும் முக்கோணத்தின் வடிவம் மாறாது. வானியலாளர் சாவென் அர்சூமானியன், கணினி வல்லுநர் ஜேசன் ஹோம்பெர்க், கடல் உயிரியலாளர் பிராட் நார்மன் மூவரும் அதைச் சுறாவின் புள்ளிகளுக்குப் பொருத்தி 2005இல் கட்டுரை வெளியிட்டார்கள். அதன்பின் உலகெங்கும் சுற்றுலாப் பயணிகள் எடுத்த சாதாரணப் படங்கள் ஆய்வுக்கு ஆதாரமாயின.

அந்த நார்மன் 1995இல் நிங்கலூவில் புள்ளிகளை வைத்து முதலில் அடையாளம் கண்ட சுறாவின் பெயர் ஸ்டம்பி. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே சுறா அதே கடலுக்கு வந்தது. அதே புள்ளிகள் அதைக் காட்டிக்கொடுத்தன.

அதே 1995இல் தைவானில் வேறொரு சுறாவை ஈட்டியால் குத்திக் கரைசேர்த்தார்கள். சுமார் பத்தரை மீட்டர் நீளப் பெண். வயிற்றை அறுத்தபோது உள்ளே ஏறத்தாழ 300 குட்டிகள். சில இன்னும் முட்டை உறைக்குள், சில வெளிவந்து பிறக்கத் தயாராக. இந்த இனம் கடலில் முட்டை இடுவதில்லை, வயிற்றுக்குள்ளேயே பொரித்துக் குட்டி போடுகிறது என்பது அன்றுதான் உறுதியானது. குட்டிகளுக்குத் தந்தை ஒன்றே என்று பின்னாளில் மரபணு ஆய்வு காட்டியது. வயதைக் கணக்கிட்டதும் இறந்த சுறாக்களின் முதுகெலும்பிலிருந்துதான். அணுகுண்டுச் சோதனைகள் கடலில் விட்டுப்போன கார்பனை அளந்து, பத்து மீட்டர் நீளமிருந்த ஒன்றுக்கு ஐம்பது வயது என்று 2020இல் கண்டறிந்தார்கள்.

ஆகவே, கேமராவே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நான் பெருமை பேச மாட்டேன். கர்ப்பப்பைக்குள் அது எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் செத்த சுறாவிடம் ஒருமுறைதான் கேள்வி கேட்கலாம். உயிரோடிருக்கும் சுறாவிடம் ஒவ்வொரு வருடமும் கேட்கலாம். கேட்க நிறையவே மிச்சம் இருக்கிறது. நிங்கலூவுக்கு வருபவை பெரும்பாலும் இளம் ஆண்கள். தாய்கள் எங்கே குட்டி போடுகின்றன என்று இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. 1,900 மீட்டருக்கும் கீழே திமிங்கலச் சுறாக்கள் இறங்கியதைக் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன. அந்த இருட்டில் அவற்றுக்கு என்ன வேலை? என்னைக் கடந்துபோன அந்தச் சின்னக் கண்ணுக்கு இமை கிடையாது. கண்ணின் மேலேயே பல் போன்ற நுண்செதில்கள் பரவியிருப்பதையும், ஆபத்தென்றால் கண்ணையே அது குழிக்குள் இழுத்துக்கொள்வதையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020இல்தான் எழுதினார்கள். உலகின் மிகப் பெரிய மீன். அதன் கண்ணை நாம் ஒழுங்காகப் பார்க்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

நம் நாட்டில் குஜராத் கடற்கரையில் ஒரு காலத்தில் இந்த மீனைக் கொக்கி போட்டுப் பிடித்து, ஈரல் எண்ணெய்க்காக வெட்டினார்கள். 2001இல் சட்டம் அதற்குத் தடை விதித்தது. பிறகு தொடங்கிய இயக்கத்தில், வலையில் தவறிச் சிக்கிய சுறாவை விடுவிக்க மீனவர்கள் தங்கள் வலையையே அறுத்தார்கள். அறுத்த வலைக்கு வனத்துறை இழப்பீடு தந்தது. அதிகாரி வந்து பார்க்கும்வரை காத்திருந்தால் சுறாவுக்கு ஆபத்து என்பதால், மீனவர்கள் கையிலேயே கேமராவைக் கொடுத்தார்கள். அறுபட்ட வலை, விலகிப்போகும் சுறா – இந்தப் படம்தான் சான்று. எந்தக் கண்காட்சிக்கும் போகாத படங்கள் அவை. ஒரு மீன் உயிரோடு போனதற்கும், ஒரு குடும்பம் புது வலை வாங்கியதற்கும் அவை காரணம்.

கோயில் வாசலிலிருந்து பிள்ளையின் பிறந்தநாள் வரை எதற்கும் கேமராவைத் தூக்குகிற காலம் இது. அந்தப் படங்களில் பெரும்பாலானவை 'நான் அங்கே இருந்தேன்' என்று மட்டுமே சொல்கின்றன. அது தப்பில்லை, மனிதருக்கு அந்த ஆசை உண்டு. ஆனால் எதிரே இருந்த உயிருக்கு நம் படத்தால் ஏதாவது பயன் உண்டா என்றும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

நிங்கலூவுக்கோ மாலத்தீவுக்கோ போகிறவர்கள் கையில் கேமரா இருந்தால், விதி சொல்லும் தூரத்தில் நின்று, முதலில் இடப்பக்கம் ஒரு படம் எடுங்கள். நாளையும் இடத்தையும் குறித்து, சுறாக்களை அடையாளம் காணும் ஆய்வுத் தொகுப்புக்கு அனுப்பிவையுங்கள். வாயைத் திறந்து வருகிற படத்தை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.